ஒரு சிடிக்கு ஒன்றரை பவுண்டு: ஜெர்சி, குர்ன்சி தீவுகள் வாட் விலக்கை இழந்த கதை

கேள்வி: ஜெர்சி, குர்ன்சி தீவுகளிலிருந்து தபாலில் வந்த சிடி, டிவிடிகளுக்குக் கொடுத்திருந்த வாட் (மதிப்புக் கூட்டு வரி) விலக்கை பிரிட்டன் 2012-இல் எடுத்துவிட்டது. அதற்குப் பிறகு அந்தத் தீவுகளின் பொருளாதாரம் என்ன ஆனது? தீவுக்காரர்கள் அதுவரை செய்தது ஏமாற்று வேலையா, அல்லது பிரிட்டன் செய்தது அநியாயமா?

பதில்: பொருளாதாரம் சரியவில்லை. ஆனால் அடி யார் மேல் விழுந்தது என்று பார்த்தால், ‘பெரிய பாதிப்பு இல்லை’ என்று சொல்லிவிட்டுப் போகவும் முடியாது. வங்கியிலும் டிரஸ்ட் நிறுவனத்திலும் வேலைக்குப் போகப் படிப்பில்லாத, அல்லது போக விரும்பாத தீவுக்காரர்களுக்குக் கைகொடுத்தது இந்தத் தபால் விற்பனைத் தொழில். அது போனது. இரண்டாவது கேள்விக்கு என் பதில், இரண்டு பக்கமும் தெரிந்தேதான் செய்தார்கள் என்பது. விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் சட்டத்தைவிடத் தபால் கணக்குதான் சுவாரசியமானது.

முதலில் தீவுகளின் நிலை. வரைபடத்தில் பார்த்தால் ஜெர்சியும் குர்ன்சியும் பிரான்சின் நார்மண்டிக் கரைக்குப் பக்கத்தில் கிடக்கும். ஜெர்சியிலிருந்து பிரெஞ்சுக் கரை 22 கிலோமீட்டர்தான். இங்கிலாந்து அதைப்போல ஆறு மடங்குக்கு மேல் தூரம். 1204-இல் இங்கிலாந்து அரசர் ஜான் நார்மண்டியைப் பிரான்சிடம் இழந்தபோது இந்தத் தீவுகள் மட்டும் ஆங்கில அரசரிடமே தங்கிவிட்டன. அதனால் இன்றுவரை அவை அரசரின் கீழ் இருக்கின்றன, பிரிட்டன் என்ற நாட்டுக்குள் இல்லை. தனிச் சட்டமன்றம், தனி வரி. 1973-இல் பிரிட்டன் ஐரோப்பியச் சமூகத்தில் (இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்னோடி) சேர்ந்தபோது, சேர்க்கை ஒப்பந்தத்தின் 3-ஆம் நெறிமுறை என்ற பகுதி இந்தத் தீவுகளுக்கென்று எழுதப்பட்டது. அதன்படி சரக்குக்குச் சுங்கவரி இருக்கவில்லை, சுங்க ஒன்றியத்துக்குள் அவை இருந்தன. ஆனால் வாட் எல்லைக்கு வெளியே. பின்னாளில் நடந்த எல்லாமே இந்த இடைவெளிக்குள்தான் நடந்தது.

அடுத்தது விதி. 1983-இல் ஐரோப்பியச் சமூகம் ஒரு உத்தரவு போட்டது. வெளியிலிருந்து வரும் மிகச் சிறிய மதிப்புள்ள பார்சல்களுக்கு இறக்குமதி வாட் வசூலிக்க வேண்டாம், வசூலிக்கும் செலவே வரியைவிட அதிகமாகிவிடும் என்பது நோக்கம். 10 எக்யூ வரை கட்டாய விலக்கு. எக்யூ என்பது யூரோவுக்கு முன்பிருந்த கணக்கு நாணயம். விரும்பினால் நாடுகள் அதை 22 வரை உயர்த்திக்கொள்ளலாம். தபால் வழி விற்பனைச் சரக்குக்கு மட்டும் விலக்கு கிடையாது என்று சொல்லவும் ஒவ்வொரு நாட்டுக்கும் உரிமை இருந்தது. பிரிட்டன் உச்சவரம்பை ஒட்டி 18 பவுண்டு என்று வைத்தது, தபால் விற்பனையை விலக்கவுமில்லை. இந்த இரண்டு முடிவும் லண்டனில் எடுத்தவை. தீவுகள் கேட்டு வாங்கிய சலுகையாகவே இதை நினைக்கிறவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும்.

இனி ஒரு சிடியைப் பின்தொடர்ந்து போவோம். 2011 விலைவாசிப்படி இங்கிலாந்தில் ஒரு கடையில் 9 பவுண்டுக்கு விற்கும் சிடி. வாட் 20 சதவீதம் என்பதால் அதில் ஒன்றரை பவுண்டு அரசுக்குப் போகும். கடைக்காரருக்கு ஒரு சிடியில் நிற்கும் லாபமே பல நேரம் அவ்வளவு இருக்காது. இப்போது அதே சிடியை இங்கிலாந்துக் கிடங்கிலிருந்து லாரியில் ஏற்றி, போர்ட்ஸ்மத் துறைமுகத்தில் சரக்குக் கப்பலில் ஏற்றி, ஜெர்சியின் செயின்ட் ஹீலியரில் இறக்குங்கள். பிரிட்டனைவிட்டு வெளியே போகும் சரக்குக்கு வாட் பூஜ்ஜியம். ஜெர்சியில் ஒரு ஷெட்டில் ஒருவர் அதை உறையில் போட்டு, முகவரி ஒட்டி, தபால் பையில் போடுகிறார். அன்றைக்கோ மறுநாளோ அது விமானத்திலோ கப்பலிலோ திரும்பி இங்கிலாந்துக்கே போகிறது. 18 பவுண்டுக்குக் கீழ் என்பதால் உள்ளே வரும்போதும் வாட் இல்லை. போய்வந்த செலவு சில பென்ஸ், மிச்சம் ஒன்றரை பவுண்டு. வாங்குகிறவருக்கு 7 பவுண்டு 99 பென்ஸ், தபால் செலவு இலவசம் என்று கொடுத்தாலும் கட்டுபடியாகும்.

அந்தக் காலத்தில் மூன்று டிவிடியை ஒன்றாக ஆர்டர் செய்த பிரிட்டிஷ்காரர்களுக்கு மூன்று தனி உறைகள், சில சமயம் மூன்று தனி நாட்களில் வந்தது நினைவிருக்கும். மூன்றையும் ஒரே பெட்டியில் போட்டால் 18 பவுண்டைத் தாண்டிவிடும், வரி வந்துவிடும். வாங்கியவர்கள் பலர் இதைக் கவனக்குறைவு என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

எந்தெந்தப் பொருள் தீவுக்குப் போனது என்று பார்த்தாலே தொழிலின் உயிர் எங்கே இருந்தது என்று தெரிந்துவிடும். சிடி, டிவிடி, வீடியோ கேம், மெமரி கார்டு, பேட்டரி, பிரிண்டர் மை, கான்டாக்ட் லென்ஸ், வைட்டமின் மாத்திரை, வாசனைத் திரவியம், முகப்பூச்சு. எல்லாம் எடை குறைவு, உறைக்குள் அடங்கும், விலை 18-க்குக் கீழ், வாட் முழுமையாக உள்ளவை. புத்தகமும் உறைக்குள் அடங்கும்தான். ஆனால் பிரிட்டனில் புத்தகத்துக்கு வாட்டே கிடையாது, அதைக் கடல் தாண்டி அனுப்பி என்ன பயன்? அதனால் இந்த ஊர்வலத்தில் புத்தகம் இல்லை.

ஆரம்பம் இவ்வளவு கணக்குப் பார்த்து நடந்ததல்ல. தீவுகளிலிருந்து தபாலில் பூங்கொத்து அனுப்புவது பழைய தொழில். கார்னேஷன் பூக்களைப் பெட்டியில் வைத்து இங்கிலாந்துக்கு அனுப்புவார்கள். அந்தப் பூ உண்மையிலேயே தீவு மண்ணில் விளைந்தது. பிறகு வைட்டமின், போட்டோ ஃபிலிம் என்று வந்தது. குர்ன்சியில் ஹெல்த்ஸ்பான், 7டேஷாப் போன்ற நிறுவனங்கள் அப்படி வளர்ந்தவை. 1998-இல் ஜெர்சியில் ப்ளே டாட் காம் தொடங்கியது. இணையத்தில் டிவிடி விற்கும் தொழிலில் பிரிட்டனின் முன்வரிசைக்கு அது வந்த பிறகு மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? டெஸ்கோ, எச்எம்வி, அமேசான் என்று பெரிய பெயர்களெல்லாம் தங்கள் சிடி, டிவிடிகளைத் தீவு வழியாக அனுப்ப ஆரம்பித்தன. சிலவற்றுக்குத் தீவில் சொந்தக் கடைகூட இல்லை. உள்ளூர் நிறுவனம் ஒன்றிடம் பேக்கிங் வேலையை ஒப்பந்தம் விட்டார்கள், அவ்வளவுதான். இந்தத் தொழிலுக்கு அங்கே ஃபுல்ஃபில்மென்ட் என்று பெயர்.

தீவுகள் இதை ஏன் வரவேற்றன? வரி வருமானத்துக்காக என்று பலர் நினைக்கிறார்கள். அது பெரிதாக வரவில்லை. 2008-இல் குர்ன்சியும் 2009-இல் ஜெர்சியும் பெரும்பாலான கம்பெனிகளுக்கு வருமான வரியைப் பூஜ்ஜியமாக்கிவிட்டன. ஆகவே இந்தத் தொழிலில் அரசுக்கு வந்தது முக்கியமாகத் தொழிலாளர் சம்பளத்தின் மீதான வருமான வரி. உண்மையான ஆதாயம் வேறு இரண்டு.

ஒன்று வேலை. குர்ன்சியின் தக்காளி ஒரு காலத்தில் இங்கிலாந்துச் சந்தைகளில் புகழ்பெற்றது. 1970-களில் எண்ணெய் விலை ஏறியதும், மலிவான எரிவாயுவில் கண்ணாடிக் குடில்களைச் சூடாக்கிய டச்சுக்காரர்களோடு போட்டியிட முடியாமல் அது படுத்துவிட்டது. இங்கிலாந்துக் குடும்பங்கள் மலிவு விமானத்தில் ஸ்பெயினுக்குப் போகத் தொடங்கியதும் சுற்றுலாவும் தேய்ந்தது. மிஞ்சியது நிதித்துறை. ஜெர்சியின் உற்பத்தி மதிப்பில் ஏறக்குறைய 40 சதவீதம் அதுதான், ஆனால் வேலையில் இருப்பவர்களில் நான்கில் ஒருவருக்குத்தான் அங்கே இடம். மற்ற மூன்று பேர்? 2011 கணக்கெடுப்பில் ஜெர்சியின் மக்கள்தொகை 97,857. அவ்வளவு சிறிய இடத்தில், பள்ளிப் படிப்போடு நிறுத்திக்கொண்ட ஒருவருக்குக் கூரைக்கு அடியில், ஆண்டு முழுவதும் கிடைக்கும் வேலை என்பது சாதாரண விஷயமல்ல. இரண்டு தீவிலும் சேர்த்து ஆயிரம் பேருக்கு மேல் இந்தத் தொழிலை நம்பியிருந்தார்கள்.

இரண்டாவது தபால்துறை. வெளியார் கணக்கில் எடுத்துக்கொள்ளாத ஆதாயம் இது. ஜெர்சி போஸ்ட்டும் குர்ன்சி போஸ்ட்டும் தனித்தனி நிறுவனங்கள். சில பத்தாயிரம் வீடுகளுக்குக் கடிதம் கொடுத்து மட்டும் எந்தத் தபால் நிறுவனமும் பிழைக்க முடியாது, அதுவும் மின்னஞ்சல் வந்த பிறகு. லட்சக்கணக்கில் குவிந்த சிடி உறைகள்தான் பிரிப்பு எந்திரங்களுக்கும் விமான இடத்துக்கும் ஆட்களுக்கும் செலவைத் தாங்கின. தீவில் ஒரு பாட்டி பேரனுக்கு அனுப்பும் பிறந்தநாள் அட்டைக்கான தபால்தலை விலையில்கூட அந்த உறைகளின் பங்கு இருந்தது.

இந்தச் சலுகை நிலைக்காது என்று தீவுகளுக்குத் தெரியாதா? தெரியும். 2006 வாக்கில் ஜெர்சியின் பொருளாதார வளர்ச்சி அமைச்சராக இருந்த ஃபிலிப் ஓசூஃப், பிரிட்டிஷ் பெருங்கடைகள் வெறும் வரிக்காகச் சரக்கைச் சுற்றிவிடும் ஒப்பந்த வேலையைத் தீவில் கட்டுப்படுத்தினார். லண்டனின் கோபத்தைக் கிளறக் கூடாது, உள்ளூரில் வேர்விட்ட நிறுவனங்களைக் காப்பாற்ற வேண்டும் என்பது கணக்கு. நல்ல கணக்குதான். ஆனால் வெளியேற்றப்பட்ட சில வியாபாரங்கள் பக்கத்துத் தீவான குர்ன்சிக்குப் போய் உட்கார்ந்தன. இரண்டு தீவும் தனித்தனி அரசு, ஒன்றுக்கொன்று போட்டி. ஒருவர் கதவைச் சாத்தினால் அடுத்தவர் ஜன்னலைத் திறப்பார். என்னைக் கேட்டால் தீவுகள் இந்த விஷயத்தில் செய்த ஒரே பெரிய தவறு இதுதான். சலுகை சின்னதாக இருக்கும்வரை யார் கண்ணிலும் படாது. அதைச் சின்னதாகவே வைத்திருக்க இருவரும் சேர்ந்து ஒரு வரம்பு போட்டிருக்க வேண்டும், போடவில்லை.

இங்கிலாந்தில் கடை வைத்திருந்தவர்கள் பக்கம் வருவோம். வாடகை, தல வரி, சம்பளம், மேலே வாட் எல்லாம் கட்டி 9 பவுண்டுக்கு விற்கும் இசைத்தட்டுக் கடைக்காரர், 7.99-க்கு வீட்டுக்கே வரும் சிடியோடு எப்படிப் போட்டியிடுவார்? தனிக் கடைகள் வரிசையாக மூடப்பட்டன. டவுன்லோடு வந்ததும் ஒரு காரணம்தான், எல்லாப் பழியையும் தீவுகள்மேல் போட முடியாது. ஆனால் ஒன்றரை பவுண்டு வித்தியாசம் திறமையால் வந்ததல்ல என்ற அவர்களுடைய கோபம் நியாயமானது. பாதிக்கப்பட்ட சிறு வியாபாரிகள் ‘ரீடெய்லர்ஸ் அகெய்ன்ஸ்ட் வாட் அவாய்டன்ஸ் ஸ்கீம்ஸ்’ என்ற அமைப்பாகச் சேர்ந்தார்கள். லண்டன் காது கொடுக்கவில்லை என்றதும் பிரஸ்ஸல்ஸில் ஐரோப்பிய ஆணையத்திடம் புகார் கொண்டுபோனார்கள். நிர்வாக வசதிக்காகக் கொடுத்த விலக்கை வரி தவிர்க்கும் வழியாக மாற்றுவதை உறுப்பு நாடு தடுக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். வாதத்துக்குச் சட்டத்தில் இடமிருந்தது.

பிரிட்டிஷ் கருவூலம் சொன்ன இழப்பு ஆண்டுக்குச் சுமார் 14 கோடி பவுண்டு. 2008 நெருக்கடிக்குப் பிறகு செலவைக் குறைத்துக்கொண்டிருந்த அரசுக்கு அது கண்ணை உறுத்தாதா? 2011 ஜனவரியில் வாட்டை 17.5-இலிருந்து 20 சதவீதமாக உயர்த்தியதும் சுற்றிவிடும் வியாபாரத்தின் லாபம் தானாகவே இன்னும் கூடியது. மார்ச் பட்ஜெட்டில் வரம்பை 15 பவுண்டாகக் குறைப்பதாக அறிவித்தார்கள். அது நவம்பர் 1-ஆம் தேதி அமலுக்கு வந்தது. தீவுகள் ‘சரி, இதோடு விட்டார்கள்’ என்று மூச்சுவிட்டிருக்கும். ஒரே வாரம்தான். நவம்பர் 9-ஆம் தேதி கருவூல அமைச்சர் டேவிட் காக், 2012 ஏப்ரல் 1 முதல் சேனல் தீவுகளிலிருந்து (ஜெர்சி, குர்ன்சி உள்ளிட்ட தீவுக்கூட்டத்தின் பெயர்) வரும் தபால் விற்பனைச் சரக்குக்கு இந்த விலக்கே கிடையாது என்று அறிவித்தார்.

தீவுகளைக் கொதிக்கவைத்தது ‘சேனல் தீவுகளிலிருந்து’ என்ற சொற்கள்தான். சீனாவிலிருந்தோ ஹாங்காங்கிலிருந்தோ சுவிட்சர்லாந்திலிருந்தோ அதே 15 பவுண்டுப் பார்சல் வந்தால் விலக்கு தொடரும். எங்களுக்கு மட்டும் ஏன் என்று இரண்டு தீவு அரசுகளும் லண்டன் உயர் நீதிமன்றத்துக்குப் போயின. எல்லோருக்கும் எடுத்துவிடுங்கள், எங்களை மட்டும் தனியாகப் பிரிப்பது பாகுபாடு என்பது அவர்கள் வாதம். தபால் விற்பனையை விலக்க 1983 முதலே எங்களுக்கு உரிமை உண்டு, இந்தச் சுற்று வியாபாரம் பெருமளவில் நடப்பது அங்கேதான், வரியைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை என்பது லண்டன் வாதம். 2012 மார்ச்சில் நீதிபதி மிட்டிங் தீவுகளின் மனுவைத் தள்ளுபடி செய்தார். அடுத்த சில வாரங்களில் விலக்கு போய்விட்டது.

பிறகு நடந்தது கொஞ்சம் வேகமாகவே நடந்தது. பிரிட்டிஷ் பெருங்கடைகளுக்காக உறை ஒட்டிய ஒப்பந்த நிறுவனங்கள் முதலில் மூடின. அவற்றுக்குத் தீவில் இருக்க ஒரு காரணமும் மிச்சமில்லை. இரண்டு தபால் நிறுவனங்களிலும் ஆட்குறைப்பு. ப்ளே டாட் காமை ஜப்பானின் ரகுடென் நிறுவனம் 2011 செப்டம்பரில் 2.5 கோடி பவுண்டுக்கு வாங்கியிருந்தது, அதாவது காக்கின் அறிவிப்புக்கு இரண்டு மாதம் முன்னால். விற்றவர்களுக்கு நல்ல நேரம். 2013 தொடக்கத்தில், இனி நாங்களே சரக்கு விற்கமாட்டோம், மற்ற வியாபாரிகளுக்குச் சந்தையாக மட்டும் இருப்போம் என்று ரகுடென் முடிவெடுத்தது. ஜெர்சியில் மட்டும் நூற்றுக்கு மேற்பட்டோருக்கு வேலை போனது. 2016-இல் அந்தத் தளமே மூடப்பட்டது. அதே 2013 ஜனவரியில் எச்எம்வியும் திவால் நிர்வாகத்துக்குப் போனது. குர்ன்சி வழியாகத் தானும் சிடி அனுப்பிய அதே எச்எம்விதான். சலுகையால் கடைகள் செத்தன, சலுகை போனால் கடைகள் பிழைக்கும் என்று நேர்க்கோட்டில் யோசித்தவர்களுக்கு இது இடித்திருக்கும். 2012-க்குள் சிடி விற்கும் தொழிலே இறங்குமுகம்.

வேலையில்லாதோர் எண்ணிக்கையைச் சொல்லிவிடுகிறேன். ஜெர்சியில் வேலை தேடுவதாகப் பதிவு செய்தவர்கள் 2013 தொடக்கத்தில் 2,000-ஐ ஒட்டி வந்தார்கள். அந்தத் தீவுக்கு அது பெரிய எண். எல்லாமே இந்த ஒரு முடிவால் என்று சொல்ல முடியாது, வங்கிகளும் அப்போது ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்தன. ஆனால் இந்த எண்ணிக்கைக்குள் வராதவர்களும் உண்டு. ஜெர்சியில் அரசு உதவித்தொகை கிடைக்க ஐந்து ஆண்டு தொடர்ந்து வசித்திருக்க வேண்டும். போலந்திலிருந்தோ போர்ச்சுகலின் மடெய்ரா தீவிலிருந்தோ வந்து சில ஆண்டுகளே ஆன பேக்கிங் தொழிலாளி வேலை போனால் பதிவு செய்து பிரயோசனமில்லை, ஊருக்குத் திரும்புவார். புள்ளிவிவரத்தில் அவர் வேலையில்லாதவராக வரமாட்டார். தீவுகள் அதிர்ச்சியைத் தாங்கிக்கொண்டன என்று படிக்கும்போது, அந்த அதிர்ச்சியில் ஒரு பங்கு வெளியூர்க்காரர் தலையில் இறங்கியதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

பிழைத்தவர்கள் யார் என்பதும் முக்கியம். ஹெல்த்ஸ்பான் வாட் கட்டிக்கொண்டே தொடர்ந்தது, ஏனென்றால் அதற்குச் சொந்தப் பெயரில் பொருளும் திரும்ப வரும் வாடிக்கையாளரும் இருந்தார்கள். வாழ்த்து அட்டை அச்சிடும் மூன்பிக் அதன் பிறகும் பல ஆண்டு குர்ன்சியில் அச்சிட்டது. ஜெர்சியில் தொடங்கிய அழகுசாதன விற்பனைத் தளமான ஃபீல்யூனீக் வளர்ந்து, 2021-இல் செஃபோரா வாங்கும் அளவுக்கு வந்தது. அடுத்தவர் சரக்கை வாங்கி அடுத்தவர் விலையில் விற்றவர்கள் போனார்கள். தங்களுக்கென்று ஏதாவது வைத்திருந்தவர்கள் நின்றார்கள்.

ஏமாற்றா என்ற கேள்விக்கு வருகிறேன். சட்டப்படி எதுவும் ஏமாற்று இல்லை. 18 பவுண்டுக்கு மேற்பட்ட பார்சல்களுக்கு முன்கூட்டியே வாட் கட்டி அனுப்பும் ஏற்பாடுகூட பிரிட்டிஷ் வரித்துறையோடு தீவுகள் செய்திருந்தன, அதாவது எல்லாம் அதிகாரிகள் கண்ணெதிரே நடந்தது. ஆனால் விதியின் நோக்கத்தைப் பார்த்தால், இங்கிலாந்துச் சரக்கை இங்கிலாந்துக்காரருக்கு விற்கக் கடல் தாண்டிக் கொண்டுபோய்க் கொண்டுவருவதை யாராலும் நியாயப்படுத்த முடியாது. பிரிட்டன் தரப்பில் அநியாயம் என்றால், அது விலக்கை எடுத்ததில் இல்லை. கால் நூற்றாண்டுக்கு மேல் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மக்கள் அதை நம்பி வாழ்க்கையை அமைத்துக்கொண்ட பிறகு ஐந்து மாத அவகாசம் கொடுத்ததில் இருக்கிறது. தீவுகளை மட்டும் தனியாகப் பிடித்ததும் பாதித் தீர்வுதான். சீனாவிலிருந்து வரும் மலிவுப் பார்சல் அதற்கடுத்த பத்தாண்டில் எவ்வளவு பெருகியது என்று எல்லோருக்கும் தெரியும். கடைசியில் பிரிட்டன் 2021 ஜனவரி 1 முதல் எல்லா நாடுகளுக்கும் 15 பவுண்டு விலக்கை எடுத்தது. ஐரோப்பிய ஒன்றியம் அதே ஆண்டு ஜூலையில் 22 யூரோ விலக்கை எடுத்தது. 800 டாலர் வரை சுங்கவரி இல்லாமல் பார்சலை உள்ளேவிட்ட அமெரிக்காவும் 2025 ஆகஸ்டில் நிறுத்திவிட்டது. எப்படியும் தீவுகளின் தொழில் அதிகபட்சம் இன்னும் ஒன்பது ஆண்டுகூடத் தாங்கியிருக்காது.

இன்னொரு தகவல், ஜெர்சியைத் திட்டுகிறவர்களுக்கும் பாவம் என்கிறவர்களுக்கும் சேர்த்து. 2008 மே மாதம் ஜெர்சி தன் மக்கள்மேல் 3 சதவீத ஜிஎஸ்டி போட்டது, 2011 ஜூனில் 5 ஆக்கியது, சாப்பாட்டுப் பொருளுக்கும் சேர்த்து. அப்போது வெளியிலிருந்து தபாலில் வாங்கினால் வரித்தொகை 12 பவுண்டு வரை விலக்கு இருந்தது. அதாவது 5 சதவீதத்தில் 240 பவுண்டு வரை வாங்கலாம், வரி இல்லை. செயின்ட் ஹீலியர் கடைக்காரர்கள் இணைய விற்பனையாளர்களைக் காட்டி, ‘நாங்கள் வரி கட்டி விற்கிறோம், அவர்கள் கட்டாமல் விற்கிறார்கள்’ என்று புகார் செய்தார்கள். இங்கிலாந்து இசைத்தட்டுக் கடைக்காரர்கள் சொன்ன அதே புகார். ஜெர்சி அரசு 2020 அக்டோபரில் வரம்பை 135 பவுண்டாகக் குறைத்தது. 2023 ஜூலை முதல் அமேசான் போன்ற பெரிய வெளியூர் விற்பனையாளர்கள் தாங்களே ஜிஎஸ்டி வசூலித்துக் கட்ட வேண்டும், மற்றவர்களிடம் வாங்கும் பார்சலுக்கு விலக்கு 60 பவுண்டு வரைதான்.